எட்டாவது மேடையில் இரண்டு ஜோடிப் பாதங்கள்

எங்கள் பயிற்சி மைதானத்தின் எட்டாவது மேடையில், சிமெண்டுத் தரை மேல், வெள்ளைப் பெயிண்டால் வரைந்த இரண்டு ஜோடிப் பாதங்கள் இருக்கின்றன. உள்ளே இருப்பது குதிகாலும் குதிகாலும் ஒட்டிய ஜோடி. நடுவில் ஒரு சுண்டுவிரல்கூட நுழையாது. அதற்கு வெளியே தோளகலத்துக்கு அகன்று இன்னொரு ஜோடி. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்ததும், “உள்ள இருக்கது சின்னப் பிள்ளைகளுக்கா டீச்சர்?” என்று கேட்பார்கள். இல்லை. இரண்டும் ஒரே ஆளுடையவை, ஒன்பதாம் நம்பர் செருப்புப் போடுகிற ஒரு பெரிய மனிதருடையவை. உள் பாதத்திலிருந்து வெளிப் பாதத்துக்கு அளந்தால் ஒரு சாண்கூட வராது. அந்த ஒரு சாணைக் கடக்க அவருக்கு மூன்று மாதம் ஆயிற்று. எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனதுதான் மிச்சம்.

கோல்ஃபா, மதுரையிலா என்று சிரிக்காதீர்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தபோது, விளையாட்டு ஆசிரியர்களுக்குப் பத்து நாள் கோல்ஃப் முகாம் என்று சென்னையிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் பள்ளி ஆண் ஆசிரியர்கள் ஒருவருக்கு இடுப்பு வலி, ஒருவருக்கு மச்சினன் கல்யாணம் என்று நைசாக நழுவிவிட்டார்கள். மிஞ்சியது நான். சோழவந்தான் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட வீட்டுப் பெண், சென்னைக்குப் போய் மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் பந்து பட்டபோது கையில் ஒரு அதிர்வும் இல்லாமல் அது பறந்த சுகம் இருக்கிறதே, அதற்குப் பிறகு கபடி விசில் ஊதுவது சப்பென்று ஆகிவிட்டது. சில வருஷம் கழித்து, அழகர்கோவில் போகும் சாலையில் வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் மாந்தோப்பை ஒட்டி ஒரு பயிற்சி மைதானம் போட்டார். வேலையை விட்டுவிட்டு அங்கே சொல்லிக்கொடுக்க வந்துவிட்டேன். டி.வி.யில் காட்டுகிற குளம், குழி, மணல்மேடு எதுவும் எங்களிடம் கிடையாது. வரிசையாக எட்டு சிமெண்டு மேடை, எதிரே வெட்டவெளி, தூரத்துக்கு ஒன்றாக வெள்ளையடித்த தார் டின்கள், அதற்கப்பால் வேலிக்கருவை, அதற்கும் அப்பால் அழகர் மலை. மேடையில் நின்று பந்தை அடிக்கலாம். அம்புட்டுத்தான்.

அவர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், நெற்றியில் விபூதி. கேட் விரியத் திறந்துதான் கிடந்தது. ஆனால் கேட்டுக்கு வெளியிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இருபது நிமிஷம் நின்றிருப்பார். வாட்ச்மேன் வேலைக்கு வந்தவர் என்று நினைத்து, “முதலாளி பத்து மணிக்குத்தான் வருவாருண்ணே” என்றேன். “வேலைக்கு இல்லீங்கம்மா” என்றார். “ஒரு பந்து அடிக்கணும்.”

“அதுக்கு ஏண்ணே வெளியில நிக்கிறீங்க?”

“உள்ள வரச் சொல்லலையேங்கம்மா” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பது வருஷம் தபேதாராக இருந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. பெரிய அதிகாரியின் அறை வாசலில், குறுக்கே சிவப்பு டவாலியும் அதில் பித்தளை வில்லையுமாக நின்று, யாரை உள்ளே விடுவது, யாரைக் காக்க வைப்பது என்று பார்க்கிற வேலை. ஓய்வு பெற்று, பழங்காநத்தத்தில் மகன் வீட்டில் இருந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நான் உள்ளே கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன், அப்போதும் உட்காரவில்லை. நான் எழுந்து நின்றதும் அவர் இன்னும் விறைப்பாக நின்றார். சரி, இது வேறு கேஸ் என்று புரிந்துவிட்டது.

எட்டாவது மேடைக்கு அழைத்துப் போனேன். அங்கே முழுப் பாய் கிடையாது, கிழிந்துபோய் எடுத்துவிட்டார்கள். பந்து வைக்கிற இடத்தில் மட்டும் ஒரு துண்டுப் பாய். மட்டையைக் கொடுத்து, “உங்களுக்குத் தோணுற மாதிரி நில்லுங்கண்ணே” என்றேன். நின்றார் பாருங்கள், நான் அப்படி ஒரு நிலையை அதற்கு முன் கண்டதில்லை. பாதம் இரண்டும் ஒட்டி, முழங்கால் ஒட்டி, முதுகு கூன் போட்டு, நெஞ்சு உள்ளே வாங்கி, தாடை நெஞ்சில் பதிந்து, உடம்பின் எடை முழுக்கக் கால் விரல்களில். பந்தை அடிக்க வந்தவர் மாதிரி இல்லை. பந்திடம் மனுக் கொடுக்க வந்தவர் மாதிரி இருந்தது. மட்டையை ஓங்கினார், அது காற்றைக் கிழித்தது, அவர் முன்னால் நான்கடி ஓடிப்போய் நின்றார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் திரும்பி, பந்தைப் பார்த்து, “மன்னிக்கணும்” என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. கோல்ஃபில் அடி என்பது அடிப்பதற்கு முன்பே முக்கால்வாசி முடிந்துவிடும். கால் எங்கே, எடை எங்கே, முதுகு எப்படி என்று நின்றுவிட்டால், மட்டை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். நிற்பது தப்பானால் எம்புட்டுப் பலம் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. சாக்பீஸை எடுத்து அவர் நின்றபடியே பாதங்களைச் சுற்றி வரைந்தேன். பிறகு தோளகலத்துக்கு அகட்டி நிற்கச் சொல்லி அதையும் சுற்றி வரைந்தேன். “உள்ள இருக்கது நீங்க. வெளிய இருக்கது கோல்ஃப். உள்ளயிருந்து வெளிய வந்துருங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்” என்றேன். ஏதோ சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

அகட்டி நின்றால் அவருக்குக் கூச்சமாக இருந்தது. “திமிரு புடிச்சவன் மாதிரி இருக்குதும்மா” என்றார். முதுகுதான் அதைவிடக் கஷ்டம். குனியுங்கள் என்றால் கழுத்திலிருந்து குனிவார். துடைப்பக் கம்பு ஒன்றை எடுத்து, தலையின் பின்பக்கம், முதுகு, புட்டத்துக்கு மேலே என்று மூன்று இடத்திலும் படும்படி வைத்து, கம்பு விலகாமல் குனியச் சொன்னேன். முதல் நாளே கம்பு பதினைந்து முறை கீழே விழுந்தது. கடைசியில் எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. “நாத்து நடுற பொம்பளைங்களைப் பாத்திருக்கீங்களாண்ணே? இடுப்புல இருந்து மடங்குவாங்க. முதுகு பலகை மாதிரி இருக்கும். காலு அகண்டு சேத்துல நல்லா ஊணியிருக்கும். அந்தக் குனிவு வேற, நீங்க குனியிற குனிவு வேற. அது வேலைக்குக் குனியிறது.” அவர் கீழே கிடந்த கம்பை எடுத்து என்னிடம் நீட்டினார். “எங்காத்தாவும் நடவுக்குப் போனவதான்” என்றார். அன்றைக்குக் கம்பு முதுகில் ஒட்டிக்கொண்டு நின்றது. நான் விசிலை எடுத்து ஊதியேவிட்டேன். பக்கத்து மேடையில் அடித்துக்கொண்டிருந்த டாக்டர் பயந்துபோய்ப் பந்தை மாந்தோப்புக்குள் அனுப்பிவிட்டார்.

செவ்வாய், சனி இரண்டு நாளும் தவறாமல் வந்தார். மெல்ல மெல்ல உடம்பு இளகியது. எடையை விரலிலும் வைக்காமல் குதிகாலிலும் வைக்காமல் பாதத்தின் நடுவில் வைக்கக் கற்றுக்கொண்டார். முழங்காலைச் சற்றே தளர்த்தினார். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு மாதுளம்பழம் போகிற இடம் விட்டார். கை இரண்டும் தோளிலிருந்து தானாகத் தொங்கின. கண்ணை மூடி அப்படியே நிற்கச் சொன்னால் முன்பு பத்து எண்ணுவதற்குள் ஆடுவார், இப்போது அறுபது எண்ணினாலும் அசையவில்லை. அடித்து முடித்தபின் இடது காலில் எடை ஏறி, வலது குதிகால் தூக்கி, தொப்புள் மலையைப் பார்க்க மூன்று எண்ணும்வரை நிற்க வேண்டும் என்பது என் கணக்கு. அதில் மட்டும் வஞ்சனையே இல்லாமல் ஏழு, எட்டு என்று நின்றுகொண்டே இருப்பார். நிற்கிறதுதான் அவருக்குக் கை வந்த தொழில் ஆயிற்றே.

ஒரு சனிக்கிழமை, வாசலுக்கு வந்த வண்டியில் பருத்திப்பால் வாங்கிக் குடித்தோம். நான் உட்கார்ந்து குடித்தேன், அவர் நின்று குடித்தார். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அய்யா ஒருவர், பெரிய அதிகாரி, மலை ஊரில் வேலை பார்த்த காலத்தில் விடிந்ததும் கோல்ஃப் ஆடப் போவாராம். பையைத் தூக்கிக்கொண்டு இவர் பின்னால் போவார். ஒரு நாள் அய்யா, “நீயும் ஒண்ணு அடிச்சுப் பாரேன்யா” என்று மட்டையை நீட்டினாராம். “எனக்கெதுக்குங்கய்யா” என்று இவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். மறுநாளும் கேட்டார், மறுநாளும் பின்னால் போனார். “மூணாந்தடவை கேட்டிருந்தாகன்னா அடிச்சிருப்பேன் டீச்சரம்மா. கேக்கலை. அது ஆச்சு எம்புட்டோ வருஷம். படுத்தா அந்த மட்டைதான் கண்ணுக்கு முன்னால வருது.” இரண்டு மாதத்தில் அந்த அய்யா ஒரு கல்யாணத்துக்கு மதுரை வருகிறாராம். இங்கே ஒரு மைதானம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பழைய மாதிரி நீதான் பையைத் தூக்க வேண்டும் என்று போனில் சொல்லியிருக்கிறார். “அன்னைக்கி அவுக முன்னாடி ஒரே ஒரு பந்து அடிச்சுப்புடணும். அது போதும் எனக்கு.”

“நான் கத்துக்கிட்டு இருக்கேன்னு போன்ல சொன்னீங்களா?”

“வாய் வரலைம்மா.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பருத்திப்பால் டம்ளரை விட்டெறிந்திருப்பேன். எறியவில்லை, இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். ஆனால் அன்றிலிருந்து அது அவருடைய காரியம் மட்டுமல்ல, என்னுடைய காரியமும் ஆகிவிட்டது. இந்த மனிதரை அந்த அதிகாரி முன்னால் கால் அகட்டி நிறுத்தாவிட்டால் நான் என்ன வாத்திச்சி?

தனியாக இருந்தால் அழகாக அடித்தார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. காரில் யாராவது வந்து இறங்கினால் போதும், வெள்ளைச் சட்டை ஒன்று கண்ணில் பட்டால் போதும், சரட்டென்று பாதம் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், முதுகு வளைந்துவிடும். எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் என் வீட்டுக்காரரை வரச் சொன்னேன். பஸ் டிப்போவில் மெக்கானிக். எந்நேரமும் கிரீஸோடு திரிகிற மனுஷனுக்குக் கல்யாணச் சட்டையை மாட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, கையில் ஒரு ஃபைலைக் கொடுத்து, பின்பக்கமாக நடந்து வாருங்கள், ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சொல்லிவைத்தேன். தபேதார் மட்டையை ஓங்கியிருந்தார். ஷூ சத்தம் கேட்டதும் ஓங்கிய மட்டை பாதியில் நின்றது. கால் சேர்ந்துவிட்டது. திரும்பி, மட்டையைக் கக்கத்தில் இடுக்கி, ஒரு கும்பிடு போட்டார். என் வீட்டுக்காரருக்கு அதைத் தாங்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி, “அண்ணே, நான் டீச்சர் வீட்டுக்காரண்ணே, மெக்கானிக்குண்ணே, கும்புடாதீங்கண்ணே” என்று பதிலுக்கு இவர் கும்பிட ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேரும் மாறி மாறிக் கும்பிட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். தபேதாரும் சிரித்தார். ஆனால் பஸ்ஸுக்குப் போகும்போது முகம் வாடித்தான் போனார்.

இன்னொரு தகராறும் இருந்தது. என் மைதானத்தின் முதல் சட்டம், மட்டையை ஓங்குவதற்கு முன் பின்னால் யார் நின்றாலும் “தள்ளி நில்லுங்க” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மட்டை மண்டையில் பட்டால் பிளந்துவிடும், விளையாட்டில்லை. தபேதாருக்கு இது புதுச் சொல்லா என்ன? முப்பது வருஷம் வராந்தாவில் ஜனத்தை விலக்கி, “தள்ளி நில்லுங்க, அய்யா வர்றாக!” என்று கத்திய தொண்டை. ஒரு முறை எனக்காகக் கத்திக் காட்டினார், வேலிக்கருவையில் இருந்த மயில்கள் பறந்துபோயின. ஆனால் தான் அடிக்கப்போகும்போது, “மன்னிக்கணும்... நீங்க நிக்கிறதுன்னா நில்லுங்க” என்று முனகுவார். “நிக்கிறதுன்னா நில்லுங்கன்னா, மண்டை உடையிறதுன்னா உடையட்டும்னு அர்த்தம்ணே!” என்று நான் கத்துவேன். “அய்யாவுக்காகச் சொல்றது வேறங்கம்மா. எனக்காகச் சொல்லணும்னா நாக்கு எழும்ப மாட்டேங்குது” என்பார். வருகிற நாளெல்லாம் இந்தப் பாட்டுத்தான். சாக்பீஸ் கோடு அவர் நடந்து நடந்து அழிந்துகொண்டே இருந்ததால், சுற்றுச்சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை எடுத்து நான்கு பாதத்தின் மேலும் இழுத்துவிட்டேன். முதலாளி வந்து, இதென்ன கோவில் பாதமா என்று ஒரு பாட்டம் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அய்யா வருகிற நாளும் வந்தது. நான் விறைப்பான, மீசை முறுக்கிய ஆள் ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். காரிலிருந்து இறங்கியது தலை முழுக்க நரைத்த, மெலிந்த ஒரு பெரியவர். இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனவர், டிரைவரின் தோளைப் பிடித்து இறங்கினார். தபேதாரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “எப்படிய்யா இருக்கே?” என்றார். தபேதார் கதவைப் பிடித்தார், பையைத் தோளில் மாட்டினார், முதுகை வளைத்தார், மூன்றடி பின்னால் நடந்தார். மூன்று மாத வேலை மூன்று நிமிஷத்தில் போயிற்று. விசிலைக் கடித்துக்கொண்டு தூரமாக நின்றேன்.

அய்யா ஏழாவது மேடையில் ஐந்தாறு பந்து அடித்தார். ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர் என்பது கையில் தெரிந்தது. காலில்தான் ஒன்றும் இல்லை. ஆறாவது பந்துக்கு உடம்பு திரும்பியபோது சாய்ந்துவிட்டார். தபேதார் பாய்ந்து பிடித்துக்கொண்டார். “பேலன்ஸ் போச்சுய்யா” என்று அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே மட்டையை நீட்டினார். “எனக்குப் போதும். நீ ஒண்ணு அடிச்சுப் பாரேன்.”

மூன்றாம் தடவை கேட்டுவிட்டார்.

“எனக்கெதுக்குங்கய்யா” என்றது தபேதாரின் வாய். கால் இரண்டடி பின்னால் போயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தரையில் ஏதோ வைக்கிற சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்திருந்தார். “குடுங்கய்யா” என்று மட்டையை வாங்கிக்கொண்டு எட்டாவது மேடைக்கு நடந்தார். அய்யா ஆசையோடு அவர் பின்னாலேயே வந்து ஒட்டி நின்றார்.

முதலில் உள் ஜோடிப் பாதத்தில்தான் நின்றார். என்னை ஒரு முறை பார்த்தார். நான் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டேன், அவர் செய்யட்டும் என்று. வலது கால் நகர்ந்தது, வெளிப் பாதத்தில் போய் உட்கார்ந்தது. இடது கால் நகர்ந்தது. இடுப்பிலிருந்து மடங்கினார், முதுகு பலகை. தாடை மேலே வந்தது. மட்டையை எடுத்தார். ஓங்கவில்லை. கீழே இறக்கினார். போச்சு என்று நினைத்தேன். திரும்பி அய்யாவைப் பார்த்தார். மட்டை எட்டுகிற தூரத்தில் அய்யா நின்றிருந்தார்.

“அய்யா, தள்ளி நில்லுங்க.”

முனகல் இல்லை. வராந்தாக் குரல். வேலிப் பக்கம் மயில் ஒன்று படபடத்துப் போனது. ஒரு காலத்தில் யாருக்காக ஊரை விலக்கினாரோ அந்த அய்யா, பதறிப்போய் இரண்டடி பின்னால் வைத்தார். தபேதார் கண்ணால் அளந்தார்.

“இன்னுங் கொஞ்சம்ங்கய்யா.”

இன்னும் இரண்டடி போனார். அடித்தார். பந்து ஒன்றும் மலையைத் தாண்டிவிடவில்லை. முதல் டின்னைத் தாண்டி, இரண்டு குதி குதித்து, இரண்டாவது டின்னுக்கு முன்னால் நின்றது. ஆனால் நேர்கோடு, சாக்பீஸால் கிழித்த மாதிரி. இவரோ வலது குதிகால் தூக்கி, தொப்புள் மலையைப் பார்க்க, அசையாமல் நின்றார். நான் மூன்று எண்ணினேன், ஏழு எண்ணினேன், பன்னிரண்டு எண்ணினேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அய்யா கைதட்டினார். “எப்பய்யா கத்துக்கிட்டே இதெல்லாம்?” என்றார். “நீங்க கேக்குறதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேங்கய்யா” என்றார் தபேதார். பிறகு நடந்ததுதான் நான் கொஞ்சமும் எதிர்பாராதது. அய்யாவின் கையைப் பிடித்து அழைத்து வந்து, வெளி ஜோடிப் பாதத்தின் மேல் நிறுத்தினார். துடைப்பக் கம்பை எடுத்து அவர் முதுகில் வைத்தார். “காலை அகட்டுங்கய்யா. எடையை நடுப் பாதத்துல வைங்க. கழுத்தைக் குனியாதீங்க, இடுப்புல மடங்குங்க” என்று என் பாடம் முழுவதையும் ஒப்பித்தார். அய்யா தலையாட்டிக்கொண்டே செய்தார். அடுத்த பந்துக்கு அவர் சாயவில்லை.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அய்யா மாதம் ஒரு முறையாவது போன் செய்து, முழங்காலை எம்புட்டு மடக்குவது என்று அவரிடம்தான் கேட்கிறார். என்னிடம் கேட்பதில்லை. பெயிண்ட் ஒவ்வொரு பொங்கலுக்கும் புதுசாக அடிக்கிறோம், வெளி ஜோடிக்கு மட்டும். உள் ஜோடி மங்கிக்கொண்டே வருகிறது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

தபேதார் இன்றைக்கும் செவ்வாய், சனி வருகிறார். கேட்டில் நிற்காமல் நேரே உள்ளே வந்துவிடுகிறார், நான் வருவதற்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டும் இருக்கிறார். ஆனால் என் வண்டிச் சத்தம் கேட்டதும் படக்கென்று எழுந்து நின்றுவிடுவார். அதை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை. உட்காருங்கண்ணே என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுத் தற்செயலாகக் கீழே பார்த்தேன். எழுந்துதான் நின்றிருந்தார். கால் இரண்டும் தோளகலத்துக்கு அகன்றிருந்தன.